மாற்றப்பட்ட முடிவு: பிஸேயின் ‘முத்துக் குளிப்போர்’ ஓபராவுக்கு நேர்ந்தது – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வும் அதை எடுத்துக்கொண்ட காரணமும்

1863ஆம் ஆண்டு பாரிஸில் ஓர் ஓபரா, அதாவது பாடி நடிக்கும் இசைநாடகம், அரங்கேறியது. இசையமைத்தவருக்கு அப்போது வயது 24. பதினெட்டு முறை நடந்தபின் அதை நிறுத்திவிட்டார்கள். அவர் வாழ்நாளில் அது மறுபடி மேடை ஏறவில்லை. அவர் இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள், எடுத்த கையோடு திருத்தவும் செய்தார்கள். திருத்திய வடிவமே அச்சேறியது, உலகெங்கும் பாடப்பட்டது, ஒலித்தட்டுகளில் பதிந்தது. இசையமைப்பாளர் எழுதியது வேறு என்பதை ஆய்வுலகம் முறையாக எடுத்துச் சொல்ல ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

ஓபராவின் பெயர் ‘முத்துக் குளிப்போர்’. பிரெஞ்சில் ‘லே பெஷர் த பெர்ல்’. இசையமைத்தவர் ஜோர்ஜ் பிஸே. ‘கார்மென்’ ஓபராவால் உலகப் புகழ் பெற்றவர். கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை. தமிழ் வாசகர் பலருக்கு இந்த ஓபரா அறிமுகமானதே அந்த ஒரு காரணத்தால்தான் இருக்கும்.

இந்த ஆய்வில் வரும் முக்கியமான மனிதர்கள் பலருக்குப் பெயர் இல்லை. மேடையில் நின்றவர்களையும் விமர்சனம் எழுதியவர்களையும் வரலாறு பெயரோடு குறித்து வைத்திருக்கிறது. பிரதியில் கை வைத்தவர்கள், எந்தப் பக்கத்தை வெட்டுவது, எந்த மெட்டைத் திரும்பக் கொண்டுவருவது என்று ஒரு பதிப்பகத்தின் மேசையில் முடிவு செய்தவர்கள், பெரும்பாலும் கையொப்பம் இடாமலே போய்விட்டார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ததாகத் தெரியவில்லை. நல்லெண்ணத்தால் ஒரு பிரதி எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான நிகழ்வை நான் அறியேன்.

பின்னணி: ஒரு மானியமும் ஒரு நிபந்தனையும்

அன்றைய பாரிஸில் இளம் இசையமைப்பாளருக்கு ஓபரா வாய்ப்புக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அரசின் உயரிய இசைப் பரிசான ‘ரோம் பரிசு’ பெற்றவர்களுக்கும் அதே நிலைதான். பிஸே 1857இல் அந்தப் பரிசை வென்றார். ரோமில் தங்கிப் பயின்று 1860இல் ஊர் திரும்பினார். அதன்பின் மாணவர்களுக்குப் பாடம் சொல்லியும், மற்றவர்களின் இசையைப் பியானோவுக்கு ஏற்ப எழுதிக் கொடுத்தும் காலம் தள்ளினார்.

இந்தச் சூழலில் தேயாத்ர் லிரிக் என்ற அரங்குக்கு ஒரு மானியம் வந்தது. கலைத்துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் வாலெவ்ஸ்கி, ஆண்டுக்கு 1,00,000 பிராங்க் தர முன்வந்தார். பதிலுக்கு ஆண்டுதோறும் ரோம் பரிசு பெற்ற ஒருவரின் மூன்று அங்க ஓபராவை அரங்கேற்ற வேண்டும். அவரது படைப்பு அதுவரை எங்கும் மேடை ஏறியிருக்கக் கூடாது. அரங்கின் இயக்குநர் லெயோன் கார்வாலோ பிஸேயைத் தேர்ந்தெடுத்தார்.

அப்போது பிஸேயின் ஓர் அங்க ஓபரா ஒன்று ஒபெரா-கோமிக் அரங்கில் ஒத்திகையில் இருந்தது. அது மேடை ஏறினால் மானிய நிபந்தனை முறிந்துவிடும். எனவே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் இசை இன்று கிடைப்பதில்லை. அதிலிருந்து சில பகுதிகள் புதிய ஓபராவுக்குள் போயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வேறு இரண்டு இடங்களில் இந்த மறுபயன்பாடு ஐயமின்றித் தெரிகிறது. ரோமில் எழுதிய நகைச்சுவை ஓபரா ‘தோன் புரோகோபியோ’விலிருந்து ஒரு குழுப்பாடல் முதல் அங்கத்துக்கு வந்தது. 1858இல் எழுதிய ‘தே தேயும்’ என்ற கிறித்தவத் துதிப்பாடலின் ஒரு பகுதி, பிரம்மாவை அழைக்கும் குழுப்பாடலாக மாறியது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏப்ரலில் கதை கைக்கு வந்தது, செப்டம்பரில் அரங்கேற்றம். கையில் இருந்த நல்ல இசையைப் பயன்படுத்தாமல் எந்த இசையமைப்பாளரும் அந்தக் காலக்கெடுவைக் கடந்திருக்க முடியாது. ஆனால் பிரதியின் வரலாற்றைப் பார்ப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ‘மூலம்’ என்று பின்னாளில் நாம் போற்றும் வடிவமே அவசரத்தில், பல இடத்துச் சரக்கைக் கொண்டு கட்டப்பட்டது.

மெக்சிகோவிலிருந்து இலங்கைக்கு

கதையையும் பாடல்வரிகளையும் எழுதியவர்கள் யூஜேன் கோர்மோனும் மிஷெல் காரேயும். காரே, கூனோவின் ‘ஃபாஸ்ட்’ ஓபராவுக்கு எழுதியவர்களில் ஒருவர். இவ்விருவரும் சேர்ந்து ‘கத்தானியா மீனவர்கள்’ என்ற ஓபராவுக்கும் 1860இல் கதை எழுதியிருந்தார்கள். கடலோர மக்கள், காதல், தடை என்ற வார்ப்பு அவர்களுக்குப் பழகிய ஒன்று.

புதிய கதை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்தது. பிறகு இலங்கைக்கு மாறியது. இடம் மாறியபோது தெய்வங்கள் பிரம்மாவாகவும் சிவனாகவும் ஆயின. கோயில் கண்டிக்குப் போனது. பாத்திரங்களுக்கு நாதிர், ஸுர்கா, லெய்லா, நூராபாத் என்று பாரசீக, அரபுச் சாயல் கொண்ட பெயர்களே அமைந்தன. இலங்கையைத் தெரிந்த யாரையும் கேட்டு எழுதியது போல இல்லை. கண்டியில் உள்ளது புத்தரின் பல் பேணப்படும் தலதா மாளிகை. முத்துக் குளிப்பு நடந்ததோ மன்னார் வளைகுடாவில், சிலாவத்துறை, அரிப்புப் பக்கத்திலும் இந்தியக் கரையில் தூத்துக்குடிப் பக்கத்திலும். அங்கே மூழ்கியவர்களில் பெருந்தொகையினர் தமிழ் பேசியவர்கள். அவர்களில் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கத்தைத் தழுவியவர்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கதை உண்மைக்கு அருகே வந்துவிடுகிறது. ஓபராவில், முகத்திரை அணிந்த கன்னிப்பெண் ஒருத்தி பாறைமேல் நின்று பாட வேண்டும். அவள் பாடலே தீய சக்திகளைத் தடுத்து மூழ்குவோரைக் காக்கும். மன்னாரில் சுறாக்களைக் கட்டுப்படுத்த மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ என்பவர் உண்மையிலேயே இருந்தார். அவர் வந்தால்தான் குளிப்போர் நீரில் இறங்குவார்கள் என்பதால் பிரிட்டிஷ் அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பாரிஸ் எழுத்தாளர்கள் அதை அறிந்து எழுதினார்களா என்ற கேள்வியை இங்கே எழுப்பப் போவதில்லை. ஆனால் கதையிலேயே நம்ப முடியாததாகப் பலருக்குத் தோன்றும் அம்சம், வேறு உருவில் அந்தக் கடற்கரையில் நடைமுறையாக இருந்தது என்பதைத் தமிழில் எழுதுகிற ஒருவர் சொல்லாமல் விடுவது சரியல்ல.

கதையின் சுருக்கம் பிரதிச் சிக்கலைப் புரிந்துகொள்ளத் தேவை. ஸுர்காவும் நாதிரும் நண்பர்கள். முன்பு ஒரு கோயிலில் ஒரே பெண்ணைக் கண்டு இருவரும் மயங்கினார்கள். நட்பைக் காக்க இருவருமே அவளை விட்டு விலகுவதென்று உறுதி பூண்டார்கள். இப்போது ஸுர்கா குளிப்போரின் தலைவன். காவல்பாட்டுப் பாட வருபவள் அதே லெய்லா. நாதிர் அவளைக் குரலால் அறிகிறான். இருவரும் இரவில் சந்தித்துப் பிடிபடுகிறார்கள். திரை விலகி முகம் தெரிந்ததும் ஸுர்கா பொறாமையில் மரண தண்டனை விதிக்கிறான். பிறகு, சிறுவயதில் தன்னை உயிர்காத்த சிறுமி இவள்தான் என்று ஒரு கழுத்தணியால் உணர்கிறான். குடியிருப்புக்குத் தீ வைத்து, மக்கள் அதை அணைக்க ஓடும்போது காதலர்களை விடுவிக்கிறான்.

அதன்பின் ஸுர்காவுக்கு என்ன ஆகிறது? எழுதும்போதே முடிவு எழுத்தாளர்களுக்குப் பிடிபடவில்லை. காரே ஓயாமல் புலம்பியதைக் கேட்டுச் சலித்த கார்வாலோ, ‘தீயில் போடுங்கள்’ என்று சொல்ல, அதையே காரே பிடித்துக்கொண்டு குடியிருப்பைக் கொளுத்தும் காட்சியை எழுதினார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, முடிவுப் பகுதி தொடக்கம் முதலே இந்த ஓபராவின் பலவீனமான மூட்டு என்பதை அது சரியாகவே சொல்கிறது. பின்னாளில் கைகள் போய் விழுந்ததும் அங்கேதான்.

அரங்கேற்றம்

செப்டம்பர் நடுவில் நடக்க வேண்டிய அரங்கேற்றம், லெய்லாவாகப் பாடிய சொப்ரானோ (உச்சக்குரல் பாடகி) லெயோந்தீன் த மாயெசனின் உடல்நலக் குறைவால் தள்ளிப்போய் 1863 செப்டம்பர் 30 அன்று நடந்தது. பார்வையாளர் வரவேற்றார்கள். கைதட்டலுக்குப் பிஸே மேடைக்கு வந்து வணங்கியதைப் பத்திரிகைகள் அடக்கமின்மை என்று கண்டித்தன. விமர்சனங்களில் பெரும்பாலானவை கடுமையாக இருந்தன. ‘லே ஃபிகாரோ’வில், கதையில் மீனவரும் இல்லை, இசையில் முத்தும் இல்லை என்ற பொருளில் எழுதினார்கள். விதிவிலக்கு இசையமைப்பாளர் பெர்லியோஸ். அக்டோபர் 8 அன்று ‘ஜூர்னால் தே தெபா’ இதழில் வந்த அவரது மதிப்புரை, கனலும் வண்ணமும் நிறைந்த அழகிய பகுதிகள் கணிசமாக இருப்பதாகப் பாராட்டியது. அவர் எழுதிய கடைசி இசை விமர்சனம் அதுதான்.

நவம்பர் 23 அன்று பதினெட்டாவது நிகழ்ச்சியோடு ஓட்டம் முடிந்தது.

அந்த ஆண்டு எந்தெந்தத் தாள்கள் உருவாயின என்பது இந்த ஆய்வுக்கு முதன்மையானது. பிஸே தம் கையால் எழுதிய முழு இசைக்குழுப் பிரதி ஒன்று இருந்தது. இசைஞர்கள் ஒவ்வொருவருக்கும் அதைப் பார்த்து எழுதிய தனித்தாள்கள் இருந்தன. இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநருக்கென்று, முழு இசைக்குழுவையும் சில கோடுகளுக்குள் அடக்கிய ஒரு சுருக்கப் பிரதி இருந்தது. ஷூதான்ஸ் என்ற பதிப்பகம் அச்சிட்டு விற்றதோ குரலும் பியானோவும் மட்டும் கொண்ட பிரதி. முழுப் பிரதி அச்சாகவில்லை. பதினெட்டு முறை நடந்து நின்றுபோன ஓபராவுக்கு அந்தச் செலவை எந்தப் பதிப்பாளரும் செய்யமாட்டார்.

இருபத்திரண்டு ஆண்டு அமைதி

1875 மார்ச் 3 அன்று ‘கார்மென்’ அரங்கேறியது. ஜூன் 3 அன்று பிஸே 36 வயதில் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ‘கார்மென்’ ஐரோப்பா முழுவதையும் வென்றது. இதனால் பிஸேயின் பழைய படைப்புகள்மேல் கவனம் திரும்பியது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று அரங்குகள் கேட்டன. கொடுப்பதற்கு ஷூதான்ஸிடம் ‘முத்துக் குளிப்போர்’ இருந்தது.

1886 மார்ச்சில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அது இத்தாலிய மொழியில் மேடை ஏறியது. 1887இல் லண்டனில் ‘லெய்லா’ என்ற பெயரில் வந்தது. 1889இல் பாரிஸுக்கே இத்தாலிய வடிவில் திரும்பியது. பிரெஞ்சு மொழியில் பாரிஸ் அதை மறுபடி கேட்டது 1893 ஏப்ரலில், ஒபெரா-கோமிக் அரங்கில், எம்மா கால்வே லெய்லாவாகப் பாடியபோது.

இந்த ஏழு ஆண்டுகளுக்குள் பிரதி மாறியது.

பதிப்பகத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்

ஷூதான்ஸ் 1880களின் இறுதியில் ஒரு புதிய குரல்-பியானோ பிரதியையும், 1893இல் மேலும் மாறிய பிரதியையும் வெளியிட்டது. 1863ஆம் ஆண்டுப் பிரதியோடு ஒப்பிட்டால் மாற்றங்கள் பல. மூன்றாம் அங்கத்தில் ஸுர்காவும் லெய்லாவும் பாடும் பகுதி குறைக்கப்பட்டது. இறுதிக் காட்சியில் ‘ஓ லூமியேர் ஸேன்த்’ என்ற மூவர் பாடல் இடம்பெற்றது. அதை இன்றைய வடிவில் அமைத்தவர் பெஞ்சமின் கோடார் என்ற இசையமைப்பாளர் என்பது பொதுவான கருத்து. ஸுர்காவின் முடிவு மாறியது. முதல் அங்கத்து இருவர் பாடலின் இறுதிப் பகுதி அகற்றப்பட்டு வேறொன்று வந்தது.

ஏன் செய்தார்கள் என்பதற்கு அவர்கள் எழுதி வைத்த விளக்கம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் முடிவுகளைப் பார்த்தால் காரணம் ஊகிக்கக்கூடியதே. 1880களின் பார்வையாளர் ‘கார்மென்’ பார்த்துவிட்டு வந்தவர்கள். மேடையில் கத்தி பாய்ந்து திரை விழுவதைப் பிஸேயின் முத்திரையாகக் கருதியவர்கள். மனம் தளர்ந்த ஒரு மனிதன் தனியே நிற்பதோடு முடிகிற கதை அவர்களுக்கு முடிவு பெறாத கதையாகத் தெரிந்திருக்கும். அதேபோல், கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மெட்டு ஒரு பாடலின் நடுவில் வந்து மறைவது வியாபாரக் கண்ணுக்கு வீணாகப் பட்டிருக்கும்.

இதே பதிப்பகம் ‘கார்மென்’ விஷயத்திலும் இப்படியே நடந்துகொண்டது. பிஸே எழுதிய வடிவில் பேச்சு வசனங்கள் இருந்தன. அவர் இறந்த சில மாதங்களில், வியன்னா நிகழ்ச்சிக்காக அவருடைய நண்பர் எர்னெஸ்ட் கிரோ அவற்றை இசையோடு பாடும் உரையாடலாக மாற்றினார். அந்த வடிவமே பல பத்தாண்டுகள் உலகை ஆண்டது. கிரோ நண்பர், பிஸேயின் புகழ் பரவ வேண்டும் என்று விரும்பியவர். அவர் விரும்பியது நடக்கவும் செய்தது. ‘முத்துக் குளிப்போர்’ பிரதியைத் திருத்தியவர்களையும் அந்த வரிசையில் வைத்தே நான் பார்க்கிறேன்.

இருவர் பாடலின் இறுதி

‘ஓ ஃபோன் தியூ தாம்ப்ல் ஸேன்’ என்று தொடங்கும், டெனர் (உயர்ந்த ஆண்குரல்), பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்) இருவர் பாடும் பாடல் இன்று இந்த ஓபராவைவிடப் புகழ்பெற்றது. ஓபரா பக்கமே தலைவைக்காதவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். டெனர் பாடகர் கரூஸோ 1907இல் மாரியோ அங்கோனாவுடன் இத்தாலிய மொழியில் பாடிப் பதிவு செய்தார். 1950ஐ ஒட்டி யூஸி பியோர்லிங்கும் ராபர்ட் மெர்ரிலும் பாடிய பதிவு இன்றளவும் விற்கிறது.

நண்பர்கள் இருவரும் கோயிலில் அந்தப் பெண்ணைக் கண்ட மாலையை நினைவுகூர்கிறார்கள். புல்லாங்குழலும் ஹார்ப்பும் தொடங்கிவைக்கும் அந்தப் புகழ்பெற்ற மெட்டு, அவள் கூட்டத்தின் நடுவே தோன்றும் கணத்துக்கு உரியது. திரை விலகுகிறது, கூட்டம் மண்டியிடுகிறது, அவள் மறைகிறாள். பிறகு ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பிறகு நட்பே பெரிது என்று உறுதி எடுக்கிறார்கள்.

1863ஆம் ஆண்டுப் பிரதியில் அந்த உறுதிமொழி புதிய மெட்டில் வருகிறது. ‘புனித நட்பே’ என்று நட்பை விளித்துப் பாடும் அப்பகுதிக்கும் முன்பு கேட்ட மெட்டுக்கும் தொடர்பில்லை. 1893ஆம் ஆண்டுப் பிரதியில் அப்பகுதி இல்லை. அதற்குப் பதில், பெண்ணின் தோற்றத்துக்கு உரிய மெட்டே மீண்டும் முழங்குகிறது. ‘சாவு வரை ஒன்றாயிருப்போம்’ என்று இருவரும் அதன்மேல் பாடி முடிக்கிறார்கள். நாம் எல்லோரும் அறிந்தது இந்த முடிவைத்தான்.

தனிப்பாடலாகக் கேட்டால் இரண்டாவது வெல்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் நிறைவு காதுக்குத் தெரிகிறது. ஆனால் ஓபராவுக்குள் வைத்துக் கேட்கும்போது என் தீர்ப்பு மாறுகிறது. அந்த மெட்டு இந்த ஓபரா முழுவதும் லெய்லாவின் நிழல். அவள் வரும்போதும், அடையாளம் காணப்படும்போதும், அவளால் இருவரும் கலங்கும்போதும் அது திரும்பத் திரும்ப வருகிறது. நட்புக்குப் பிஸே வேறொரு இசையைக் கொடுத்திருந்தார். இரண்டு இசையும் தனித்தனியே நின்றதால்தான், பின்னர் லெய்லாவின் மெட்டு எழும்போது நட்பின் குரல் அங்கே இல்லை என்று கேட்பவருக்கு உறைக்கும். திருத்தம் அந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. அதோடு, ஏற்கெனவே பலமுறை வரும் மெட்டு இன்னொரு முறையும் வந்தது. பிஸே ஒரே மெட்டை அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் குறைசொன்னபோது, அந்தக் குறையில் ஒரு பங்கு அவருடையதாக இல்லை.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதுதான். பெண்ணின் மெட்டில் நட்பு உறுதிமொழி பாடினால், அந்த உறுதி நிலைக்காது என்று இசையே முன்கூட்டிச் சொல்கிறது என்பார்கள். அழகான வாசிப்பு. திருத்தியவர்கள் அவ்வளவு தூரம் யோசித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு பிரதி தன்னைத் திருத்தியவர் நினைக்காததையும் சொல்ல வல்லது என்பதை மறுப்பதற்கில்லை.

ஸுர்காவின் முடிவு

1863இல் ஸுர்கா சாவதில்லை. காதலர்களின் குரல் தூரத்தில் தேய, அவன் தனியே நிற்கிறான். ஊரைக் கொளுத்தியவன் அவன். மக்கள் திரும்பி வரப்போகிறார்கள். என்ன நேரும் என்பதைப் பிரதி சொல்லாமல் விடுகிறது.

திருத்திய வடிவில், கைதிகளை அவன் விடுவிப்பதைப் பூசாரி நூராபாத் ஒளிந்திருந்து பார்த்து, குளிப்போரிடம் காட்டிக்கொடுக்கிறான். ஒருவன் ஸுர்காவைக் குத்திக் கொல்கிறான். வேறு அரங்குகளில் வேறு விதங்களில் அவன் செத்தான். சிலவற்றில் காதலர்களுக்காக அடுக்கிய சிதையே அவன் உடலைப் பெற்றது. ஒரு தடவை முடிவைத் திறந்துவிட்டால் அடுத்தவர்களும் கைவைப்பார்கள் என்பதற்கு இதுவே சான்று. இருவர் பாடல் விஷயத்தில் தயங்குகிற நான் இங்கே தயங்கவில்லை: 1863ஆம் ஆண்டு முடிவே மேலானது. மூன்று அங்கம் முழுக்கத் தன் மனத்தோடு போராடிய ஒரே பாத்திரம் ஸுர்கா. அவனைக் குத்திச் சாய்த்தால் அந்தப் போராட்டம் வெறும் விபத்தாக முடிகிறது.

மாற்றம் நிலைபெற்ற விதம்

பலர் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியை. மக்கள் விரும்பியதால் மட்டும் 1893ஆம் ஆண்டு வடிவம் நிலைக்கவில்லை. ஓபரா அரங்கு ஒன்று ஒரு படைப்பை நடத்த வேண்டுமானால், இசைஞர் ஒவ்வொருவருக்கும் தனித்தாள் வேண்டும். அவை பதிப்பகத்திடமிருந்து வாடகைக்கு வரும். ஷூதான்ஸ் அனுப்பிய தாள்கள் திருத்திய வடிவத்துக்கு உரியவை. பழைய குரல்-பியானோ பிரதியை வைத்திருந்த ஒரு நடத்துநர் 1863ஆம் ஆண்டு முடிவை விரும்பியிருந்தாலும், வயலின்காரர் முன் வைக்க அவரிடம் தாள் இருந்திருக்காது. பிஸேயின் கையெழுத்தில் இருந்த முழுப் பிரதியோ ஆய்வாளர் கைக்கு எட்டாமல் போய்விட்டது. வெட்டப்பட்ட பகுதிகளில் எந்த வாத்தியம் எதை வாசித்தது என்பது அதோடு போயிற்று.

கண்டறிதலும் மீட்பும்

1965இல் மிஷெல் பூப்பே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பிஸேயின் ஓபரா பிரதிகளுக்கு அவர் இறப்புக்குப் பின் நேர்ந்தவற்றை ஒப்பிட்டு எழுதினார். அதுவரை நிபுணர் சிலர் அறிந்திருந்த விஷயம் வெளிப்படையாயிற்று. அடுத்து எழுந்தது நடைமுறைக் கேள்வி: இசைக்குழு எழுத்து இல்லாத பகுதிகளை எப்படி வாசிப்பது?

1970களில் வேல்ஸ் தேசிய ஓபராவுக்காக ஆர்தர் ஹாமண்ட் ஒரு வழியைத் தேர்ந்தார். 1863ஆம் ஆண்டுப் பியானோ பிரதியை எடுத்து, வெட்டப்பட்ட பகுதிகளுக்குத் தாமே இசைக்குழு எழுத்து எழுதினார். நேர்மையான வேலை, ஆனால் குரல்கள் பிஸேயுடையவை, வாத்தியங்கள் ஹாமண்டுடையவை. ஜோர்ஜ் பிரேத்ர் நடத்திய 1977ஆம் ஆண்டு ஒலிப்பதிவு 1863ஆம் ஆண்டு வடிவத்தைப் பரவலான கேட்போரிடம் கொண்டுசென்றது.

பிறகு கவனம் ஒரு பழைய தாள்கட்டின்மேல் திரும்பியது. பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருந்த அது, 1863இல் நடத்துநர் பயன்படுத்திய சுருக்கப் பிரதி. அரங்கேற்றத்தின்போது முழுப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருக்காமல் இருக்கத் தயாரிக்கப்பட்ட வேலைத்தாள் அது. அதில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழைகிறது என்ற குறிப்புகள் இருந்தன. நிலைத்திருக்க வேண்டும் என்று யாரும் எண்ணாத அந்தத் தாள், நிலைத்திருக்க வேண்டிய பிரதி காணாமல்போனபின் முதன்மைச் சான்றாயிற்று. அதைக்கொண்டு பிராட் கோஹன் உருவாக்கிய பதிப்பு 2002இல் வந்தது. 2010களில் ஹ்யூ மக்டொனால்டின் ஆய்வுப் பதிப்பும் வெளியாயிற்று.

விளைவு

இன்று ஓர் அரங்கு ‘முத்துக் குளிப்போர்’ நடத்த முடிவெடுத்தால் அதற்குத் தெரிவு இருக்கிறது, முன்பு இல்லை. பெரும்பாலான அரங்குகள் ஸுர்காவை உயிரோடு விடும் பழைய முடிவுக்குத் திரும்பிவிட்டன. ஆனால் இருவர் பாடல் வரும்போது பல அரங்குகள் 1893ஆம் ஆண்டு முடிவையே பாடுகின்றன. டிக்கெட் வாங்கி வருபவர் அந்த மெட்டு திரும்ப எழுவதைக் கேட்கவே காத்திருக்கிறார். அதைக் கொடுக்காவிட்டால் ஏமாற்றம். ஆகவே மேடையில் நாம் காண்பது பிஸேயும் எழுதாத, ஷூதான்ஸும் அச்சிடாத ஒரு மூன்றாவது வடிவம். இதைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடகர்களும் கேட்போரும் சேர்ந்து உரிமையாக்கிக்கொண்ட ஒன்றை, சான்று கிடைத்துவிட்டது என்று ஒரே நாளில் பறிக்க முடியாது.

என்ன மாறியிருக்க வேண்டும்

1893இல் திருத்தியவர்கள் திருத்தியிருக்கவே கூடாது என்று சொல்ல நான் தயாரில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த ஓபரா மறக்கப்பட்டிருக்கக் கூடும். அவர்கள் செய்திருக்க வேண்டியது எளிய காரியம்: மாற்றிய பக்கங்களைப் பின்னிணைப்பாக அச்சிட்டிருக்கலாம், முகப்பில் ‘திருத்திய பதிப்பு’ என்று போட்டுத் திருத்தியவர் பெயரையும் சேர்த்திருக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, இசைக்குழுவின் பழைய தனித்தாள்களைக் கட்டி ஓர் அலமாரியில் வைத்திருக்கலாம். ஹாமண்ட் ஊகித்து எழுத வேண்டிவந்த பக்கங்கள் அந்தக் கட்டில் இருந்திருக்கும்.

இன்றைய பதிப்பாசிரியர்களிடம் எதிர்பார்ப்பதும் அதே நேர்மையைத்தான். மீட்கப்பட்ட பிரதியை ‘பிஸேயின் மூலம்’ என்று விளம்பரம் செய்யும்போது, அதில் எந்தப் பக்கத்தின் வாத்திய எழுத்து பிஸேயுடையது, எது சுருக்கப் பிரதியிலிருந்து ஊகித்தது என்பதை அந்தப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். முன்னுரையில் ஒரு பத்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், வாடகைத் தாளை மட்டும் பார்க்கும் வயலின்காரருக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. அரங்குகளும் நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி சேர்க்கலாம்: இருவர் பாடல் 1893ஆம் ஆண்டு வடிவில், மற்றவை 1863ஆம் ஆண்டு வடிவில். ஒலிப்பதிவு வெளியிடுவோர், மாற்று முடிவையும் இறுதியில் தனியே சேர்த்துத் தரலாம். பாடலே சில நிமிடங்கள்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத் தமக்கு எது உகந்தது என்று கேட்போரே முடிவு செய்துகொள்ளட்டும்.